இரசிகர் விவாதமும் இரவல் மேடைகளும்

1

வெகுசனக் கலைகளின் இரசிகர்களைப் பற்றி இன்று எழுதுவோரும் பேசுவோரும் ஒரு முடிவை மிக எளிதாகக் கூறிவிடுகின்றனர். முன்னைய இரசிகர் பக்கம் பக்கமாக எழுதி வாதிட்டனர். இன்றைய இரசிகரோ இரண்டு வரியிலும் ஒரு படத்துணுக்கிலும் தம் கருத்தை முடித்துவிடுகின்றனர். எனவே இளந்தலைமுறையினரிடம் வாசிப்பும் பொறுமையும் அற்றுப்போயின என்பதே அம்முடிவு. குற்றம் இளைஞரின் தலைக்குள்ளே இருப்பதாகச் சொல்லிவிட்டால், தலைக்கு வெளியே உள்ளவற்றை ஆராயும் தொல்லை நீங்கிவிடுகின்றது. இம்முடிவு பெருவழக்குப் பெற்றமைக்கு இவ்வசதியே தலையாய காரணம் எனலாம்.

'இரசிகர்' என்னும் சொல் தமிழ் வாசகரின் மனத்திலே முதலிற் கொண்டுவருவது, நடிகரின் உருவப்படத்துக்கு மாலையிடும் கூட்டத்தையே. ஈண்டுக் கருதப்படுவோர் வேறு வகையினர். ஆங்கில மொழிச் சூழலில், விஞ்ஞானப் புனைகதைகளையும் தொலைக்காட்சித் தொடர்களையும் நாவல்களையும் சுவைத்ததோடு அமையாது, அவை பற்றிக் கட்டுரை எழுதியும், அவற்றின் பாத்திரங்களைக் கொண்டு புதிய கதைகளைப் புனைந்தும், ஒருவர் எழுதியதை மற்றவர் மறுத்தும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இயங்கிவரும் வாசகர் சமூகமே இங்குப் பேசப்படுவது. ஊதியம் பெறாத விமர்சகர் கூட்டம் என்று இதனைக் கூறுவது பொருந்தும். விற்பனைக்கு வந்த பண்டத்தை வாங்கி நுகர்வதோடு அடங்கிவிடாமல், அதனைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமையைத் தாமாகவே எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். அவ்வுரிமை இன்று என்ன கதிக்கு உள்ளாகியுள்ளது என்பது இரசிகரை மாத்திரம் பற்றிய கேள்வியன்று. விமர்சனம் என்னும் செயல் எத்தகைய நிலத்திலே வேர்கொள்ளும் என்ற பொதுக் கேள்வியும் அதனுள் அடங்கும்.

விவாதத்தின் ஆழத்தைத் தனிமனிதரின் குணமாகக் கொள்வது தவறு. அதற்கு மூன்று நிலைமைகள் வேண்டும். மறுமொழி சொல்வதற்கு அவகாசம் வேண்டும். முன்னர் பேசப்பட்டது அழியாமற் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். பேசுபவர் தமக்குச் செவிகொடுப்போர் யாவர் என அறிந்திருத்தல் வேண்டும். காலம், நினைவு, அவையறிதல் என இவற்றைச் சுருக்கிக் கூறலாம். இம்மூன்றையும் தருவதும் பறிப்பதும் விவாதம் நிகழும் மேடையின் அமைப்பேயாகும். மேடையின் அமைப்பைத் தீர்மானிப்பவர் அதன் உடைமையாளர். இரசிகர் விவாதத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

2

1926இல் ஹியூகோ கேர்ண்ஸ்பாக் நியூயோர்க்கிலே 'அமேஸிங் ஸ்ரோறிஸ்' என்னும் விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் வாசகர் பகுதியிலே கடிதம் எழுதியோரின் முகவரிகளும் அச்சிடப்பட்டன. சஞ்சிகை முதலாளிக்கு அது சிறு விடயம். வாசகருக்கோ அது பெரிய வாயிலாயிற்று. முகவரி கண்டோர் ஆசிரியரை விடுத்துத் தம்முள்ளே எழுதிக்கொள்ளலாயினர். இவ்வாறு உருவான கடிதக் கழகமொன்று 1930 மே மாதத்தில் வெளியிட்ட 'தி கொமெற்' என்பதே முதலாவது இரசிகர் சஞ்சிகையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது.

1937இல் டொனால்ட் வொல்ஹைம் முதலியோர் தோற்றுவித்த 'பன்ரசி அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்' என்னும் சங்கம் இம்முறையை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் தாம் எழுதியதைப் பிரதிபண்ணி, அங்கத்தவரின் தொகைக்கேற்ற படிகளை ஒரு பொறுப்பாளருக்கு அனுப்புவர். அவர் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் கட்டி, காலாண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் தபாலிற் சேர்ப்பிப்பார். அடுத்த கட்டிலே ஒவ்வொருவரும் முன்னைய கட்டில் வந்தவற்றுக்குத் தனித்தனி மறுமொழி எழுதுவர். றோணியோ மையும் தபால் முத்திரையும் தவிர வேறு மூலதனம் இதற்கு வேண்டியிருக்கவில்லை. மூன்று மாத அவகாசம் காலத்தைத் தந்தது. பெட்டியிற் கிடந்த பழைய கட்டு நினைவைத் தந்தது. அங்கத்தவர் பட்டியல் அவையை வரையறுத்தது.

அன்று எழுதியோர் யாவரும் முனிவர்கள் என்று கருதவேண்டியதில்லை. 1939இல் நியூயோர்க்கில் நடைபெற்ற முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டிலே, வொல்ஹைம் உள்ளிட்ட சிலர் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். குழுச் சண்டையும் தனிப்பட்ட பகையும் அன்றும் நிறையவே இருந்தன. ஆயினும் பகைவரும் தம் பகையை வாதமாக எழுதியே தீரவேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தை எறிந்துவிட்டு ஓடிவிடும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

1966இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மறு ஆண்டே 'ஸ்பொக்கனேலியா' என்ற இரசிகர் சஞ்சிகை வெளிவந்தது. அத்தொடரைச் சூழ்ந்து எழுந்த சஞ்சிகைகளை நடத்தியோருள்ளும் எழுதியோருள்ளும் பெண்கள் பெருந்தொகையினராக இருந்தனர். தொடரை நிறுத்தத் தொலைக்காட்சி நிறுவனம் எண்ணியபோது, 1967-68இல் இரசிகர் நடத்திய கடித இயக்கம் மூன்றாவது பருவம் ஒன்று வெளிவர உதவியது. 1992இல் ஹென்றி ஜென்கின்ஸ், கமீல் பேக்கன்-ஸ்மித் ஆகியோர் இச்சமூகம் பற்றித் தனித்தனி ஆய்வு நூல்களை வெளியிட்டபோது, பல்கலைக்கழகங்கள் அதன் இருப்பைக் கவனிக்கத் தொடங்கின. அதற்கு முன்பே கால் நூற்றாண்டாக அப்பெண்கள் தமக்குள் ஒரு விமர்சன மரபை வளர்த்துவிட்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

கணினியின் வருகையோடு ஆழம் அழிந்தது என்பாரும் உளர். வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. 1980இல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளுக்கிடையே இயங்கத் தொடங்கிய 'யூஸ்நெற்' எவரொருவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. ஒரு கணினியில் எழுதப்பட்டது ஏனைய கணினிகளுக்குப் பிரதியாகிச் சென்றது. மறுப்பு எழுதுபவர், தாம் மறுக்கும் வரியை மேலே எடுத்துக்காட்டி அதன்கீழ்த் தம் வாதத்தை வைப்பது அங்கு வழக்காயிற்று. மேற்கோள் காட்டி மறுக்கும் இவ்வொழுக்கத்தை உரையாசிரியர் மரபறிந்த தமிழ் மாணவருக்கு விளக்கவேண்டியதில்லை. 1990-91இல் 'ருவின் பீக்ஸ்' தொடர் ஒளிபரப்பானபோது, இரசிகர் அதனை வீடியோ நாடாவிற் பதிந்து, காட்சி காட்சியாக நிறுத்திப் பார்த்து, யூஸ்நெற்றிலே நாட்கணக்காக விவாதித்தனர். ஜென்கின்ஸ் இதனைத் தனியே ஆராய்ந்து எழுதியுள்ளார்.

1999இல் பிராட் ஃபிற்ஸ்பற்றிக் உருவாக்கிய 'லைவ்ஜேர்னல்' இவ்வொழுக்கத்தை மேலும் வளர்த்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு. பதிவின் கீழே மறுமொழிகள். மறுமொழிக்கு மறுமொழி, அதற்கும் மறுமொழி எனக் கிளைவிட்டுச் செல்லும் அமைப்பு. ஒரு மறுமொழியே 4,300 எழுத்துகள் வரை நீளலாம். ஒரு கட்டுரை பற்றிய முழு விவாதமும் அக்கட்டுரையின் அடியிலேயே ஒரே இடத்தில் திரண்டிருந்தது. ஆண்டுகள் கழித்து வருபவரும் முதல் வரியிலிருந்து படித்து, தாமும் ஒரு சொல் சேர்க்கலாம். பதிவை யார் பார்க்கலாம் என எழுதியவரே வரையறுக்கலாம். பொதுவான குழுக்களுக்கு நடத்துநர் இருந்தனர், விதிகள் இருந்தன. காலம், நினைவு, அவையறிதல் ஆகிய மூன்றும் புதிய வடிவிலே மீண்டும் அங்கு வாய்த்தன. ஹரி பொட்டர் நாவல் வரிசையில் நான்காவது நூல் 2000இலும் ஐந்தாவது 2003இலும் வெளிவந்தன. இடைப்பட்ட மூன்றாண்டுகள் முழுவதையும் நிரப்புமளவுக்கு வாதமும் எதிர்வாதமும் லைவ்ஜேர்னலிலும் யாகூ குழுமங்களிலும் நிகழ்ந்தன.

ஆயின் யூஸ்நெற்றுக்கும் லைவ்ஜேர்னலுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. பின்னையது ஒரு கம்பனியின் சொத்து. எழுதுவோர் செலுத்தும் சந்தாவே வருவாயாக இருந்த காலத்தில், எழுதுவோரின் வசதியே மேடையின் வசதியாகவும் அமைந்தது. 2005இல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2006இல் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. விளம்பரம் தருவோரே வாடிக்கையாளராகும்போது, எழுதுவோர் விற்கப்படும் பண்டமாகின்றனர். 2007 மே மாத இறுதியில், வெளியாரின் முறைப்பாட்டை அடுத்து, நிறுவனம் ஏறத்தாழ 500 பதிவேடுகளை முன்னறிவித்தல் இன்றி இடைநிறுத்தியது. இரசிகர் குழுக்களோடு, பாலியல் வன்முறைக்கு உள்ளாகி மீண்டோரின் ஆதரவுக் குழுக்களும், நபக்கோவின் 'லொலிற்றா' நாவலைப் பற்றி ஸ்பானிய மொழியில் உரையாடிய குழுவொன்றும் அவற்றுள் அடங்கின. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டுப் பலவற்றை மீட்டளித்தது. ஆனால் மன்னிப்பினால் மறைக்கமுடியாத ஓர் உண்மை அன்று வெளிப்பட்டது: விவாத மண்டபத்தின் திறப்பு விவாதிப்போர் கையில் இல்லை.

4

இதன்பின் இரசிகர் பெருந்தொகையாகச் சென்று சேர்ந்த இடங்கள் டம்ப்ளரும் டுவிட்டரும் ஆகும். 2007இல் தொடங்கிய டம்ப்ளரிலே ஒரு கருத்துக்கு விரிவாக மறுமொழி சொல்ல வேண்டுமாயின், அதனை முழுமையாகத் தம் பக்கத்தில் மறுபதிவு செய்தல் வேண்டும். இவ்வாறு ஒரு கட்டுரை நூறு பக்கங்களில் நூறு வெவ்வேறு மறுமொழிகளோடு உலவும். ஒரு கிளையிற் பேசுவோர் மறுகிளையில் என்ன பேசப்பட்டது என்பதை அறியார். எழுதியவர் தம் பிழையைத் திருத்தினாலும், முன்னரே பரவிய பிரதிகள் திருந்துவதில்லை. பதிவின் அடியிலே காணப்படும் எண்ணோ, விரும்பியோரையும் மறுபதிவு செய்தோரையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுகின்றது. கண்டனத்துக்காகப் பரப்பியவரும் பாராட்டுக்காகப் பரப்பியவரும் அவ்வெண்ணிக்கையில் ஒன்றே. எதிர்ப்பையும் உடன்பாட்டையும் வேறுபடுத்தத் தெரியாத அளவுகோலொன்று விவாதத்தின் பெறுமதியை அளக்கத் தொடங்கியது எனின், விளைவு எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2006இல் வெளிவந்து 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டர், தொடக்கத்தில் 140 எழுத்துகளுக்கு மேல் இடந்தரவில்லை; 2017 நவம்பரில் அது 280 ஆயிற்று. எழுத்தெல்லையிலும் பெரிய கேடு அவையின் அழிவாகும். நூறு நண்பரை எண்ணி எழுதிய வாக்கியம், மேற்கோளாகப் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சில நாழிகையில் ஆயிரம் அந்நியர் முன் வைக்கப்படலாம். அவர்களுக்கு அதன் முன்பின் தெரியாது; தெரிந்துகொள்ளும் வழியையும் மேடை தருவதில்லை. இத்தகைய இடத்திலே அறிவுடையோர் இரண்டில் ஒன்றையே செய்வர். எவரும் மறுக்கவியலாத பொதுவார்த்தையைச் சொல்லி ஒதுங்குவர். அல்லது மௌனம் காப்பர். "இந்நாவலின் இப்பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது, ஆயினும் இதன் அரசியல் என்னை உறுத்துகிறது" என்ற வகையிலான இருபாற்பட்ட வாக்கியமே விமர்சனத்தின் உயிர். அவ்வாக்கியத்தின் முற்பாதியை ஒரு கூட்டமும் பிற்பாதியை மற்றொரு கூட்டமும் வெட்டியெடுத்துச் செல்லும் மேடையில் அது எவ்வாறு பிழைக்கும்?

2015இல் வந்த டிஸ்கோர்ட் அவையை மீண்டும் வரையறுத்தது உண்மையே. அதன் மூடிய அறைகளில் முகமறிந்தோர் பேசிக்கொள்ளலாம். ஆனால் அங்குப் பேச்சு ஆற்றுநீர்போல் ஓடிவிடுகின்றது. காலையில் நிகழ்ந்த நல்ல விவாதம் மாலைக்குள் ஆயிரம் வரிகளுக்கு அடியிற் புதைந்துவிடும். அறைக்கு வெளியே உள்ளவர் அதனைத் தேடியும் காணமுடியாது. டுவிட்டர் அவையைப் பறித்தது. டிஸ்கோர்ட் அவையைத் தந்து நினைவைப் பறித்தது.

நினைவின் இழப்பு மேடைகளின் மரணத்தாலும் நேர்ந்தது. தொலைக்காட்சித் தொடர்களை வாரந்தோறும் கூறுபோட்டு ஆராய்ந்த 'ரெலிவிஷன் விதவுட் பிற்றி' 2014இல் அதன் உடைமையாளரால் மூடப்பட்டது. ஐஎம்டிபி என்னும் திரைப்படத் தகவல் நிலையம் 2017 பெப்ரவரியிலே தன் விவாதப் பகுதிகளை முற்றாக நீக்கியது. 2018 டிசெம்பரில் டம்ப்ளர் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தைத் தடைசெய்தபோது இரசிகர் பலர் சிதறினர். 2019 ஒக்டோபரில் யாகூ தன் குழுமங்களிற் சேர்ந்திருந்தவற்றை அழிக்கப்போவதாக அறிவித்தது. இருபதாண்டு விவாதங்களைக் காப்பாற்றத் தொண்டர்கள் இரவுபகலாகப் பிரதிபண்ண வேண்டியதாயிற்று. 2020 டிசெம்பரில் அச்சேவை முற்றாக முடிவுற்றது. ஒவ்வோர் இடம்பெயர்விலும் நண்பர் தொடர்பு அறுந்தது. பழைய வாதங்கள் தொலைந்தன. முன்னர் தீர்ந்த வழக்கு மீண்டும் முதலிலிருந்து பேசப்பட்டது. நினைவற்ற விவாதம் செக்குமாடுபோற் சுற்றிவரும், முன்செல்லாது.

5

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கூற்றுகள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, கருவி நடுநிலையானது, பயன்படுத்துவோரே பொறுப்பாளர் என்பது. இக்கூற்று உண்மையாயின், அதே மனிதர் ஒரு மேடையிற் கட்டுரையும் மற்றொன்றிற் கூச்சலும் எழுதியமைக்கு விளக்கம் இல்லை. லைவ்ஜேர்னலிலிருந்து டுவிட்டருக்குச் சென்றோரின் அறிவு வழியிற் கொட்டிவிடவில்லை. இளைஞரிடம் பொறுமை அற்றுப்போகவில்லை என்பதற்கும் சான்றுகள் உள. மூடப்பட்ட 'ஸ்டார் வோர்ஸ்' விடுதியொன்றைப் பற்றி 2024இல் ஜெனி நிக்கல்சன் வெளியிட்ட நான்கு மணிநேர விமர்சனக் காணொளியை இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். இரசிகர் புனையும் கதைகளுள் பெருநாவலிலும் நீளமானவை விரும்பி வாசிக்கப்படுகின்றன. டம்ப்ளரிலே மறுபதிவோடு கூடவே செல்லாத குறிச்சொற் பகுதியைத் தேர்ந்து, அங்கே தம் உண்மையான கருத்தை நீள எழுதும் பழக்கமொன்று இரசிகரிடையே தோன்றியது. வகைப்படுத்துவதற்கு அமைந்த பெட்டியை ஓரக்குறிப்பு எழுதும் இடமாக அவர்கள் மாற்றிக்கொண்டனர். ஆழத்துக்கான தாகம் இருந்தமையாலேயே இத்தகைய குறுக்குவழி வேண்டியிருந்தது. எனினும் காணொளி ஒருவர் பேசப் பலர் கேட்கும் பிரசங்கம். குறிச்சொல் மறுமொழி பெறாத முணுமுணுப்பு. இரண்டும் விவாதத்துக்கு ஈடாகமாட்டா.

இரண்டாவது கூற்று வலுவானது. பழைய மேடைகள் சிலருக்கே உரியவை. புதியவை பலருக்குக் கதவு திறந்தன. ஆழத்தைப் பற்றிப் புலம்புவது இழந்த சலுகையைப் பற்றிப் புலம்புவதே என்பர். இதில் உண்மை உண்டு. றோணியோ சஞ்சிகைக்குப் பணமும் அறிமுகமும் வேண்டும். மாநாட்டுக்குப் பயணச் செலவு வேண்டும். யூஸ்நெற்றுக்குப் பல்கலைக்கழகமோ கம்பனியோ தந்த கணினி வேண்டும். லைவ்ஜேர்னலின் இரசிகர் வட்டங்களில் வெள்ளையரின் நோக்கே பொதுநோக்காகக் கொள்ளப்பட்டது. 2009 ஜனவரியில் விஞ்ஞானப் புனைகதைகளில் இனச் சித்திரிப்புப் பற்றி எழுந்து, மாதக்கணக்கில் நீடித்து, 'ரேஸ்ஃபெயில்' எனப் பெயர்பெற்ற பெருவிவாதம் அதனை அம்பலப்படுத்தியது. வெள்ளையரல்லாத வாசகரும் எழுத்தாளரும் அதிற் பட்ட காயங்கள் சிறியன அல்ல.

ஆனால் அவ்விவாதமே இக்கூற்றுக்கு விடையுமாகும். அதுவரை ஓரத்தில் நிறுத்தப்பட்டோர் தம் வழக்கை நீண்ட கட்டுரைகளாக எழுதினர்; அவற்றுக்கு வந்த மறுப்புகள் வரிவரியாகத் தகர்க்கப்பட்டன; தொடர்புள்ள பதிவுகளைப் பட்டியலிட்டுத் தொகுக்கவும் சிலர் முன்வந்தனர். அதன் தடயத்தை இன்றும் பின்தொடர்ந்து படிக்க இயலும். ஆதிக்கம் பெற்ற கருத்துக்குச் சுருக்கம் போதும். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது. ஆதிக்கத்தை எதிர்ப்பவருக்கே விளக்கமும் சான்றும் முழு நீளமும் வேண்டும். கைத்தொலைபேசியின் வழியாகப் புதியோர் பெருந்தொகையாக உள்நுழைந்த அதே வேளையில் மண்டபம் இடிக்கப்பட்டு, அவர்களின் கையில் ஒலிபெருக்கி மாத்திரம் கொடுக்கப்பட்டது. இதனைச் சனநாயகம் என்று கொண்டாடுவது, வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டு வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, இரசிகர் விவாதம் பொழுதுபோக்கு, அதன் ஆழம் பற்றி ஏன் கவலை என்பது. இவ்வலட்சியத்தினால் இலாபம் அடைவோர் யாரென நோக்கினால் விடை கிடைக்கும். 1967-68இன் கடித இயக்கம் தொலைக்காட்சி நிறுவனமொன்றை அதன் எண்ணத்துக்கு மாறாக நடக்கச் செய்தது. இன்று படவெளியீட்டு நாளிலே இலட்சம் பேர் ஒரே ஹாஷ்டாக்கைப் பரப்பும்போது நடப்பது இலவச விளம்பரம். படத்தைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் பெயர் பரவுகின்றது. தயாரிப்பாளரும் மேடைக்காரரும் இருவழியும் பயன்பெறுகின்றனர். தீமை பயப்பது அவர்களுக்கு ஒன்றே: ஒரு படைப்பை ஆறுதலாக எடுத்து, அது யாருக்காக எதனை மறைக்கின்றது எனக் கேட்கும் வாசகர். அத்தகைய வாசகரை உருவாக்கிய பள்ளிக்கூடம் இரசிகர் விவாதம். அதன் சிதைவினால் விமர்சகர் மீண்டும் வெறும் நுகர்வோராகின்றார்.

6

பழி முழுவதையும் கம்பனிகள் மீது சுமத்திவிட்டு இரசிகர் தப்பிக்கொள்ளவும் இயலாது. 2007ஆம் ஆண்டே அவர்களுக்கு வழி தெரிந்திருந்தது. அவ்வாண்டு 'ஃபான்லிப்' என்ற வணிக நிறுவனம் இரசிகர் கதைகளைக் கொண்டு இலாபம் ஈட்ட முற்பட்டபோது, நாவலாசிரியை நவோமி நோவிக் உள்ளிட்ட இரசிகர்கள் தமக்கெனச் சொந்தக் களஞ்சியம் ஒன்று வேண்டும் எனக் குரலெழுப்பினர். அவ்வழைப்பின் தலைப்பு, பெண்ணுக்குத் தனியறையும் பணமும் வேண்டும் என வேர்ஜினியா வூல்ஃப் 1929இல் எழுதிய நூலின் பெயரை நினைவூட்டுவதாக அமைந்தது. இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்று பதிவாயிற்று. 2009 நவம்பரில் 'ஆர்க்கைவ் ஒஃப் அவர் ஓன்' பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விளம்பரம் இல்லை; நன்கொடையும் தொண்டருழைப்புமே ஆதாரம். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆக்கங்கள் இன்று அங்குள்ளன. 2019இல் அது ஹியூகோ விருதையும் பெற்றது. அழிவை எதிர்நோக்கிய பழைய தொகுப்புகளைத் தேடிச்சென்று உள்ளே கொண்டுவரும் பணியையும் அதே நிறுவனம் மேற்கொண்டது.

இது பெரும் சாதனை. இதுவே பெரும் குறைபாட்டையும் காட்டுகின்றது. இரசிகர் தம் கதைகளுக்கு வீடு கட்டினர். தம் விவாதத்தைத் தெருவிலே விட்டுவிட்டனர். களஞ்சியத்தில் விமர்சனக் கட்டுரையைச் சேர்க்கத் தடையில்லை. எனினும் அது ஆக்கத்தைப் பேணவும் தேடவும் அமைந்த இடம். பலர் கூடி வாதிடுவதற்கு அமைந்தது அன்று. கதையின் அடியிலே பாராட்டுக் குறியும் நன்றி மொழியுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. விருந்தினர் வீட்டில் வாக்குவாதம் தகாது என்ற நாகரிகமும் அங்கு உண்டு. படைப்பு நிலைத்த இடத்தில் வைக்கப்பட்டு, விமர்சனம் வாடகை இடத்தில் விடப்பட்டமையின் விளைவே இன்றைய நிலை. எது காப்பாற்றத்தக்கது எனக் கருதப்பட்டதோ அது செழித்தது. எது பேச்சுத்தானே என ஒதுக்கப்பட்டதோ அது சிதைந்தது.

விவாதத்துக்கு ஏற்ற இடமே இருக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. 2009இலேயே லைவ்ஜேர்னலின் முன்னாள் ஊழியர்கள் அதன் நிரலை அடிப்படையாகக் கொண்டு, விளம்பரமற்ற 'ட்ரீம்வித்' என்னும் தளத்தைத் தொடங்கினர். அது இன்றும் இயங்குகின்றது. பெருந்தொகையினர் அங்குச் செல்லவில்லை. கூட்டம் இருக்கும் இடத்துக்கே புதியவர் வருவர். புதியவர் வரும் இடத்தை விட்டுப் பழையவரும் நகரார். எண்ணிக்கையின் போதை ஒருபுறம், தனித்துவிடுவோம் என்ற அச்சம் மறுபுறம். கதைகள் விடயத்திலும் இதே தடைகள் இருந்தன. அங்கே அமைப்பும் உழைப்பும் நிதியும் விடாப்பிடியும் அவற்றை வென்றன. விவாதத்துக்காக அவ்வுழைப்பு மேற்கொள்ளப்படவில்லை என்பதே வேறுபாடு.

எனவே பொறுமை பற்றிய உபதேசங்களாற் பயனில்லை. விவாதக் களத்தின் உடைமையை இரசிகர் தம் கைக்கு எடுத்தல் வேண்டும். கதைகளுக்குச் செலவிட்ட தொண்டும் பணமும் விமர்சனத்துக்கும் ஒதுக்கப்படல் வேண்டும். ஒரு கட்டுரையும் அதன் மறுப்புகளும் ஒரே இடத்திலே, திகதியோடு, எண்ணிக்கைப் பலகை இன்றி, அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கும் வண்ணம் பேணப்படல் வேண்டும். நடத்துநரின் உழைப்பு உழைப்பாக மதிக்கப்படல் வேண்டும். முன்னர் வாயிலில் நிறுத்தப்பட்டோர் இம்முறை அடித்தளத்திலிருந்தே உடைமையிற் பங்குபெறல் வேண்டும். இல்லையேற் பழைய மண்டபமே புதிய பெயரில் எழும். 1937இல் றோணியோ மை படிந்த கைகளோடு காலாண்டுக் கட்டைத் தைத்து அனுப்பியோருக்கு இருந்த வசதிகளிலும் பன்மடங்கு வசதி இன்று உண்டு. கதைகளுக்காக ஒருமுறை செய்து காட்டியதை விவாதத்துக்காகவும் செய்வரோ, அடுத்த கம்பனியின் அடுத்த மேடைக்கு மூட்டை கட்டுவரோ என்பதை இரசிகரே தீர்மானித்தல் வேண்டும்.